ஒரே கையில் இரண்டு முறிவு: குழந்தைக்கு இரண்டு இடத்திலும் கம்பி வைக்கத்தான் வேண்டுமா?

உங்கள் ஆறு வயது மகன் ஆவடி வீட்டின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குச் செல்லும் ஏணியிலிருந்து இன்று மாலை விழுந்துவிட்டான் என்றும், இடக்கையில் முழங்கைக்குச் சற்று மேலே ஒரு முறிவும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையின் இரண்டு எலும்புகளிலும் முறிவும் எக்ஸ்ரேயில் தெரிகின்றன என்றும், நாளைக் காலை மயக்க மருந்து கொடுத்து இரண்டு இடத்திலும் கம்பி வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். முழங்கைக்கு மட்டும் கம்பி வைத்துவிட்டு முன்கைக்கு மாவுக்கட்டு போட்டால் போதாதா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. குழந்தையின் எலும்பு தானாகவே சேர்ந்துவிடும், கட்டு வைத்தியரிடம் போகலாம் என்று உங்கள் மாமனார் சொல்வதையும், கம்பி வைத்தால் கையின் வளர்ச்சி நின்றுவிடுமோ என்ற உங்கள் பயத்தையும் சேர்த்துப் படிக்கும்போது, தேவைக்கு மேல் ஏதோ செய்யப் பார்க்கிறார்களோ என்ற கவலையே உங்கள் கேள்வியின் அடியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கவலை நியாயமானது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் சென்னையில் 24 ஆண்டுகளாக எலும்பு முறிவு அறுவை மருத்துவராகப் பணியாற்றுகிறேன். அதில் முதல் 12 ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் கழிந்தன. பள்ளி விடுமுறை தொடங்கியதும் முழங்கை உடைந்த குழந்தைகள் வரிசையாக வருவதை ஒவ்வொரு ஆண்டும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மகனின் கையை நான் தொட்டுப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே படத்தையும் பார்க்கவில்லை. ஆகவே இங்கே நான் சொல்வது இந்த வகை முறிவைப் பற்றிய பொதுவான அறிவு மட்டுமே. அவன் விரல்களையும் நாடியையும் நேரில் பார்த்த மருத்துவரின் முடிவு என் முடிவை விட மேலானது.

குழந்தையின் எலும்பு தானாகவே சேரும் என்று பெரியவர் சொல்வது உண்மைதான். ஆறு வயதுக் குழந்தைக்கு முழங்கை முறிவு மூன்று, நான்கு வாரங்களில் ஒட்டிவிடும். கம்பி வைக்காவிட்டாலும் ஒட்டும். எந்த நிலையில் ஒட்டுகிறது, ஒட்டும் வரை அந்தக் கைக்கு இரத்தம் தடையின்றிப் போகிறதா என்ற இரண்டு கேள்விகளில்தான் சிக்கல் இருக்கிறது. கோணலாக ஒட்டிய எலும்பு வளர வளர நேராகிவிடும் என்பதும் பாதி உண்மையே. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் தோள்பட்டைப் பக்கத்து வளர்ச்சித் தட்டிலிருந்து, அதாவது எலும்பு நீண்டு வளரும் குருத்தெலும்புப் பகுதியிலிருந்து, வருகிறது. முழங்கைப் பக்கத்திலிருந்து வருவது 20 சதவீதம்தான். முன்கையில் இது தலைகீழாக இருக்கிறது. அங்கே பெரும்பங்கு வளர்ச்சி மணிக்கட்டுப் பக்கத்தில் நடக்கிறது. வளர்ச்சி அதிகம் உள்ள முனையில்தான் கோணல் தானாக நேராகும். அதனால் ஆறு வயதில் மணிக்கட்டுக்கு அருகே 15, 20 பாகை வளைவு இருந்தாலும் இரண்டு ஆண்டுகளில் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடலாம். முழங்கைக்கு மேலே உட்புறமாகச் சரிந்து ஒட்டிய எலும்போ அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவனான பிறகும் அப்படியே நிற்கும். கையை நீட்டினால் முழங்கை வெளிப்பக்கம் புடைத்து, முன்கை உடம்பை நோக்கிச் சாய்ந்து தெரியும் சிலரை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களில் பலருக்குச் சிறு வயதில் இந்த முறிவு ஏற்பட்டு, சரியாகப் பொருத்தப்படாமல் போயிருக்கும். அதைச் சரிசெய்யப் பின்னர் எலும்பை வெட்டித்தான் நேராக்க வேண்டும்.

இரத்த ஓட்டம் இதைவிடப் பெரிய விஷயம். விழும்போது குழந்தை கையை முன்னே ஊன்றுகிறது. முழங்கை நேராகிப் பூட்டிக்கொள்கிறது. மேற்கை எலும்பின் கீழ்முனையில், முன்னும் பின்னும் குழி விழுந்து மிக மெல்லியதாக இருக்கும் இடத்தில் எலும்பு உடைகிறது. உடைந்த மேல்துண்டின் கூரான முனை முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகிறது. கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும் அதனருகே ஓடும் நரம்பும் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கின்றன. மருத்துவர்கள் இந்த முறிவை 1959இல் கார்ட்லேண்ட் வகுத்த முறைப்படி மூன்று நிலைகளாகப் பிரிப்பது வழக்கம்: விலகாதது, பின்புறம் தொடர்பு விடாமல் சாய்ந்தது, முழுவதும் விலகியது. உங்கள் மகனுடைய முறிவு மூன்றாம் நிலை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் நிலை முறிவைக் கம்பி வைத்து நிறுத்துவதே இன்று குழந்தைகள் எலும்பு மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட வழி. இதை உறுதியாகச் சொல்லலாம்.

கம்பி வராத காலத்தில் என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் இதன் காரணம் புரியும். இழுத்துப் பொருத்திய முறிவு நழுவாமல் இருக்க முழங்கையை 90 பாகைக்கும் மேலாக மடக்கி மாவுக்கட்டு போட்டார்கள். வீங்கிய முழங்கையை மடக்கினால் தமனி நசுங்கும். அதன்மேல் இறுக்கமான கட்டும் சேர்ந்தால் முன்கைத் தசைகளுக்கு இரத்தம் நின்றுவிடும். தசை ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் மீளமுடியாத அளவுக்குச் சாகத் தொடங்கும். செத்த தசை பின்னர் நாராகச் சுருங்கி, விரல்களை உள்ளங்கைக்குள் இழுத்து மடக்கிவிடும். ரிச்சர்ட் ஃபான் வோல்க்மான் என்ற ஜெர்மன் மருத்துவர் 1881இலேயே இறுக்கமான கட்டுகளுக்குப் பின் வரும் இந்த முடக்கத்தை விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. மெல்லிய கம்பியைத் தோல் வழியாகச் செலுத்தி எலும்பைப் பிடித்துக்கொண்டால் முழங்கையை மடக்க வேண்டிய அவசியம் இல்லை. பாதி நீட்டிய நிலையில், தளர்வான அரைக்கட்டில் (கையை முழுவதும் சுற்றாமல் ஒரு பக்கம் மட்டும் மாவு வைத்துத் துணியால் சுற்றும் கட்டு) கையை வைக்கலாம். வீங்குவதற்கு இடமும் இருக்கும்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. முழங்கையை விட்டுவிட்டு முன்கை மட்டும் உடைந்திருந்தால், ஆறு வயதுக் குழந்தைக்கு நானும் பெரும்பாலும் மாவுக்கட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் விலகிய முன்கை எலும்புகளை மாவுக்கட்டால் மட்டும் நிறுத்த வேண்டுமென்றால், அது கையைச் சுற்றி முழுவதுமாக வர வேண்டும். தோலோடு ஒட்டி, சரியான இடங்களில் அழுத்தி வார்க்கப்பட வேண்டும். தளர்வாகப் போட்டால் எலும்பு நழுவும். மேலே முழங்கை உடைந்து முன்கை முழுவதும் வீங்கப்போகிறது என்று தெரிந்தே, அதைச் சுற்றி அப்படியொரு கட்டைப் போடுவது, வோல்க்மான் விவரித்த அதே நிலைமையை நம் கையாலேயே உருவாக்குவதாகும். அந்தப் பயத்தில் தளர்வாகப் போட்டால், ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்ததும் கட்டுக்குள் கை ஆடத் தொடங்கி எலும்பு விலகும். பிறகு இரண்டாவது முறை மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். முன்கையிலும் கம்பி வைத்துவிட்டால் இரண்டு இடத்துக்கும் சேர்த்துத் தளர்வான ஒரே அரைக்கட்டு போதும். ஒரு முறிவுக்குச் சரியான சிகிச்சை, இரண்டு முறிவு சேரும்போது சரியில்லாமல் போவதன் காரணம் இதுதான். மேலும் கீழும் உடைந்து முழங்கை நடுவில் பிடிமானமின்றி நிற்பதால் இதை 'மிதக்கும் முழங்கை' என்று சொல்வார்கள். குழந்தைகளுக்கு வரும் இந்த நிலைக்கு ஸ்டானிட்ஸ்கி, மிக்கேலி என்ற இருவர் 1980இல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் வழக்கத்துக்கு வந்தது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. முன்கை எலும்பு விலகாமல் வெறும் விரிசலாகவோ, ஒரு பக்கம் நசுங்கிய மடிப்பாகவோ மட்டும் இருந்தால் அதற்குக் கம்பி தேவையில்லை. முழங்கைக்குப் போடும் அரைக்கட்டே அதையும் தாங்கும். ஆகவே நாளைக் காலை மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, “முன்கை எலும்பு விலகியிருக்கிறதா, எவ்வளவு?” என்பதுதான். விலகியிருக்கிறது என்று படத்தைக் காட்டினால் இரண்டு இடத்துக்கும் கம்பி வைப்பதே சரி. விலகாமல் இருந்தும் கம்பி என்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் வேறுவிதமாகச் சொன்னால் நீங்கள் குழம்பக்கூடாது. இரண்டு முறிவும் சேர்ந்தால், வீக்கத்தால் தசைக்குள் அழுத்தம் ஏறி இரத்தம் நின்றுபோகும் ஆபத்து எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சில அந்த ஆபத்து மிக அதிகம் என்கின்றன. வேறு சில அவ்வளவு இல்லை என்கின்றன. ஆபத்து இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு என்பது என் நிலைப்பாடு. முதலில் எந்த முறிவைச் சரிசெய்வது என்பதிலும் இரண்டு கருத்துகள் உண்டு. தமனி முழங்கையில் இருப்பதால் நான் முழங்கையை முதலில் நிறுத்துவேன். முன்கை உறுதியானால்தான் அதைப் பிடித்து முழங்கையை இழுத்துப் பொருத்த வசதி என்று சொல்லி அதை முதலில் செய்யும் திறமையான மருத்துவர்களும் இருக்கிறார்கள். முழங்கையில் கம்பிகளை வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் செலுத்துவதா, உள்பக்கத்திலிருந்தும் ஒன்றைச் செலுத்திக் குறுக்கே வைப்பதா என்பது இன்னொரு பழைய விவாதம். குறுக்குக் கம்பி சற்று உறுதியானது. ஆனால் உள்பக்கத்தில் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது, சில குழந்தைகளுக்குக் கம்பியால் அது பாதிக்கப்படுவது உண்டு. வெளிப்பக்கத்தில் இரண்டோ மூன்றோ கம்பிகளை விரித்து வைத்தாலே பெரும்பாலான முறிவுகள் நிற்கும் என்பதால் நான் அதைத்தான் செய்கிறேன். அந்த முறிவின் வடிவத்தைப் பார்த்துத்தான் இதைத் தீர்மானிக்க முடியும். அதை உங்கள் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

இன்று இரவே செய்யாமல் நாளைக் காலை வரை வைத்திருக்கலாமா என்ற உங்கள் சந்தேகத்துக்குப் பதில், விரல்களைப் பொறுத்தது. விரல்கள் வெதுவெதுப்பாக, இளஞ்சிவப்பாக இருந்து, மணிக்கட்டில் நாடி கிடைத்தால், நள்ளிரவில் அவசரமாகச் செய்வதை விட, காலையில் பழகிய குழுவோடும் அறுவையின்போதே எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டும் நல்ல சி-ஆர்ம் கருவியோடும் செய்வதில் தவறில்லை. ஆனால் இரண்டு முறிவு இருப்பதால் இரவு முழுவதும் யாராவது அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாடி கிடைக்கவில்லை, விரல் மட்டும் சிவப்பாக இருக்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது. எலும்பைப் பொருத்தியதும் பல குழந்தைகளுக்கு நாடி திரும்பிவிடும். விரல் வெளுத்துச் சில்லிட்டுவிட்டால் அது நள்ளிரவானாலும் உடனே அறுவைக்கூடத்துக்குப் போக வேண்டிய நிலை. முழங்கையின் முன்பக்கத் தோலில் சிறு குழி விழுந்தாற்போல உள்ளே இழுத்திருந்தாலோ, தோல் கிழிந்திருந்தாலோ அதையும் மருத்துவருக்குக் காட்டுங்கள். அதுவரை கை எந்த நிலையில் அரைக்கட்டில் வைக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். முழங்கையை மடக்கிக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட யாரையும் விடாதீர்கள். அவன் மணிக்கட்டில் வெள்ளிக் காப்போ கறுப்புக் கயிறோ இருந்தால் இந்த நிமிடமே வெட்டி எடுத்துவிடுங்கள். நேர்த்திக்கடன் கயிறு என்று தயங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீக்கம் ஏறிய பிறகு அந்தக் கயிறு தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாமல் போவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் அறுவைக்கு முன்பே நீங்கள் செய்து பார்க்கலாம். வலி சற்று அடங்கியிருக்கும் நேரத்தில், அடிபட்ட கையின் கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். பிறகு கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லுங்கள். பிறகு விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். மூன்றும் மூன்று வெவ்வேறு நரம்புகளின் வேலை. இந்த முறிவில் அடிக்கடி அடிபடுவது வட்டம் போடும் நரம்புதான். அடிபட்டால் வட்டம் வராமல் இரண்டு விரல் நுனிகளும் தட்டையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். குழந்தைக்கு உணர்ச்சி குறையாததால் பலமுறை இது கவனிக்கப்படாமலே போய்விடுகிறது; பிறகு அறுவையால் வந்தது என்று மருத்துவரும் பெற்றோரும் ஒருவரையொருவர் சந்தேகிக்கிறார்கள். முன்பே கண்டு குறித்து வைத்தால் அந்த வேதனை இல்லை. விழுந்த வேகத்தில் இழுபட்ட நரம்பு பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானாகத் திரும்பிவிடும்.

கட்டு வைத்தியரைப் பற்றி உங்கள் மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். அவர் கண்ணெதிரே பலருக்குக் கட்டு வைத்தியத்தில் கை சேர்ந்திருக்கும். விலகாத முறிவு யார் கட்டினாலும் சேரும். அவருடைய நம்பிக்கை அங்கிருந்து வந்தது. ஆனால் இந்த முறிவில் எலும்புக்குப் பக்கத்தில் தமனி இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, முழங்கை உடைந்து, வேறொரு இடத்தில் மூங்கில் பத்தையும் துணியும் வைத்து இறுக்கிக் கட்டப்பட்ட நான்காம் நாள் எங்களிடம் வந்தாள். முதல் நாள் இரவெல்லாம் அழுததாகவும் பிறகு அழுகை நின்றதால் குணமாகிறது என்று நினைத்ததாகவும் அவள் பாட்டி சொன்னார். அவிழ்த்துப் பார்த்தபோது விரல்கள் மடங்கியிருந்தன. நிமிர்த்தினால் மணிக்கட்டு தானாக மடங்கியது. தசையின் ஒரு பகுதி அப்போதே போய்விட்டிருந்தது. 1971இல் பேராசிரியர் வெங்கடசாமி தொடங்கிய கைச் சிகிச்சைத் துறை ஸ்டான்லி மருத்துவமனையில் இருப்பது சென்னைக்குக் கிடைத்த பேறு. அத்தகைய துறைகளில் இப்படிப்பட்ட கைகளுக்குத் தசையை இறக்கியும் தசைநாரை மாற்றியும் மறுவாழ்வு கொடுக்கிறார்கள். அந்தப் பெண் இன்று பென்சில் பிடிக்கிறாள். ஆனால் தலையைப் பின்ன அந்தக் கையால் முடியவில்லை. பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். பேரனின் கைமேல் அவருக்கு இருக்கும் அக்கறையும் நம் அக்கறையும் ஒன்றுதான்.

நாளை என்ன நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறுவைக்கு ஆறு மணி நேரத்துக்கு முன்பிருந்து இட்லி, பால், பிஸ்கட் எதுவும் கூடாது. வெறும் தண்ணீர் எதுவரை கொடுக்கலாம் என்று மயக்க மருத்துவர் சொல்வார், வழக்கமாக இரண்டு மணி நேரம் முன்பு வரை. முழு மயக்கத்தில், பெரும்பாலும் கத்தியே வைக்காமல், சி-ஆர்ம் திரையில் பார்த்தபடி எலும்பை இழுத்துப் பொருத்தி, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குச் சற்றுக் கூடக் குறைய உள்ள வழவழப்பான கம்பிகளைச் செலுத்துவார்கள். நடுவில் தசை சிக்கிக்கொண்டு எலும்பு பொருந்தாவிட்டால் சிறிதாகத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். ஒப்புதல் படிவத்தில் அதையும் எழுதியிருப்பார்கள், அதற்குப் பயந்து கையெழுத்திட மறுக்காதீர்கள். வளர்ச்சித் தட்டை இந்தக் கம்பி கடந்து செல்லலாம். அது மெல்லியதாகவும் மரை இல்லாததாகவும் சில வாரங்கள் மட்டுமே இருப்பதாலும், கை வளராமல் போவது மிக அரிது. அப்படி அரிதாக நிற்கும்போதும் பெரும்பாலும் அந்த முதல் அடியே காரணமாக இருக்கும். முன்கை முறிவு மணிக்கட்டுக்கு அருகில் இல்லாமல் நடுவில் இருந்திருந்தால், எலும்பின் உள்ளே வளையும் தன்மையுள்ள ஆணியைச் செலுத்துவார்கள். அது தோலுக்கடியில் பல மாதங்கள் இருக்கும், எடுப்பதற்கு இன்னொரு முறை மயக்கம் தேவைப்படும். உங்கள் மகனுக்கு எது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த அறுவை நகரின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் எலும்பு முறிவுத் துறை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உங்களிடம் இருந்தால் இப்போதிருக்கும் மருத்துவமனை அதில் சேர்ந்ததா என்று இன்றே விசாரியுங்கள். இடம் மாற்றுவதென்றால் விரல் நல்ல நிறத்தில் இருக்கும்போதே, அரைக்கட்டோடு, 108 வண்டியில் மாற்றுங்கள்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் இடத்துக்கு வருகிறேன். அறுவை முடிந்த முதல் இரண்டு இரவுகள், அறுவையை விட முக்கியமானவை. என் அரசுப் பணிக் காலத்தில் ஓர் இரவு, இதே போல இரண்டு முறிவும் சரிசெய்யப்பட்ட ஏழு வயதுச் சிறுவன் வார்டில் இருந்தான். விரல் சிவப்பாக இருந்தது, நாடி இருந்தது, மருந்தும் கொடுத்தாயிற்று. அவன் தாய் மட்டும், “என் பிள்ளை இப்படி அழுகிறவன் இல்லை சார், இது வேற அழுகை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். செவிலியர் இரண்டாவது முறை மருந்து கொடுத்தும் அடங்காததால் என்னை அழைத்தார்கள். கட்டின் மேல்துணியைப் பிரித்தோம், ஒன்றும் மாறவில்லை. உள்ளே இருந்த பஞ்சு இரத்தத்தில் ஊறிக் காய்ந்து, அட்டைப்பெட்டிபோல விறைத்து முன்கையைச் சுற்றிப் பிடித்திருந்தது. கத்தரியைத் தோல் வரை விட்டு அதை மேலிருந்து கீழ் வரை வெட்டினேன். வெட்டிய இடைவெளி இரண்டு விரல் அகலத்துக்குத் தானாக விரிந்தது. கால் மணி நேரத்தில் அவன் தூங்கிவிட்டான். அந்தத் தாய் பேசாமல் இருந்திருந்தால் விடியும்போது அவனுக்குத் தசையறையை, அதாவது தசையை மூடியிருக்கும் உறையை, அழுத்தம் குறையத் திறக்கும் அறுவை தேவைப்பட்டிருக்கலாம். அல்லது அதற்கும் காலம் கடந்திருக்கலாம்.

ஆகவே நாடி இருக்கிறது, விரல் சிவப்பாக இருக்கிறது என்ற ஆறுதலோடு நின்றுவிடாதீர்கள். தசைக்குள் அழுத்தம் ஏறும்போதும் இரண்டும் நன்றாகவே இருக்கலாம். குழந்தை அமைதியின்றிப் புரள்வது, வலி மருந்து முன்பைவிட அடிக்கடி தேவைப்படுவது, மடங்கிய விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தும்போது அலறுவது ஆகியவைதான் முதல் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் செவிலியரை அழைத்து, “கட்டைப் பஞ்சோடு தோல் வரை வெட்டச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். நள்ளிரவில் மருத்துவரை எழுப்ப வேண்டியிருந்தாலும் தயங்க வேண்டாம். கை மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் அந்த மரப்பு எத்தனை மணி நேரம் இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் வலி என்ற அடையாளம் மறைந்திருக்கும். கை இதயத்தின் உயரத்தில் தலையணை மேல் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, கம்பியின் நுனி தோலுக்கு வெளியே வளைத்து விடப்பட்டிருக்கும். அதன்மேல் மஞ்சள், எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம், தண்ணீர் படக்கூடாது. சென்னை வெயிலில் வியர்த்து அரிக்கும்; அடிஸ்கேலைக் கட்டுக்குள் விட்டுச் சொறிய விடாதீர்கள், மின்விசிறிக்குக் கீழே உட்கார வையுங்கள். கெட்ட வாடை, சீழ், காய்ச்சல் வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். முதல் வாரத்தில் ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். முறிவு நழுவியிருந்தால் அப்போதே திருத்திவிடலாம், மூன்றாம் வாரத்துக்குப் பிறகு திருத்துவது கடினம். அதனால் அந்த வருகையைத் தவற விடக்கூடாது. மூன்று அல்லது நான்கு வாரத்தில் முழங்கைக் கம்பியைப் புறநோயாளி அறையிலேயே எடுத்துவிடுவார்கள். சில விநாடிகளில் முடியும் வேலை அது, ஆனால் குழந்தை கம்பியைப் பார்த்துத்தான் அழும், ஆகவே முகத்தை உங்கள் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். முன்கைக்கு மட்டும் இன்னும் சில வாரம் கட்டு தொடரலாம்.

கட்டைப் பிரித்த அன்று முழங்கை விறைத்திருக்கும், பாதிகூட மடங்காது. இந்த நேரத்தில்தான் வீட்டிலுள்ளவர்கள் எண்ணெய் போட்டு நீவவும் இழுத்து நீட்டவும் தொடங்குவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். முழங்கையை நீவினால் சுற்றியுள்ள தசைக்குள் புது எலும்பு படிந்து மூட்டே பூட்டிக்கொள்ளக்கூடும். வாளியைத் தூக்க வைத்துக் கையை நீட்டுவதும் கூடாது. அவனாகவே சாப்பிடட்டும், சட்டை போடட்டும், பந்தை உருட்டட்டும். அந்த வயதில் விளையாட்டே நல்ல பயிற்சி. பெரும்பகுதி அசைவு இரண்டு, மூன்று மாதங்களில் திரும்பிவிடும். கடைசிச் சில பாகைகள் வர ஓர் ஆண்டுகூட ஆகலாம். மிதிவண்டி, கபடி, மரம் ஏறுதல் எல்லாம் குறைந்தது மூன்று மாதம் பொறுக்கட்டும், ஏனென்றால் முன்கை அதே இடத்தில் மீண்டும் உடையும் வாய்ப்பு அந்தக் காலத்தில்தான் அதிகம்.

சாதாரணமாகத் தடுக்கி விழுந்ததிலேயே இரண்டு இடம் உடைந்திருந்தாலோ, முன்பும் எலும்பு முறிந்திருந்தாலோ, எலும்பின் வலிமையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன். உங்கள் மகன் ஏணியின் உயரத்திலிருந்து விழுந்திருக்கிறான், முன்பு எதுவும் உடைந்ததில்லை என்கிறீர்கள்; ஆகவே இப்போதைக்கு அந்தக் கவலை வேண்டாம். ஓர் ஆண்டு முடிந்ததும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய், இரண்டு கைகளையும் நீட்டி அருகருகே வைத்துக் கோணத்தையும் நீளத்தையும் மருத்துவரை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்று இரவு ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை விரல்களைத் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறினாலோ, சில்லிட்டாலோ, அவன் அழுகை மாறினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.